பால்பல் விழாத வயதில் பக்கவாதமா?

பக்கவாதம் தாத்தா பாட்டிகளின் வியாதி இல்லையா? குழந்தைக்கும் வருமா?
– வாசகி, அம்பத்தூர் ஓ.டி.

வரும். பிறந்த குழந்தைக்கே வரும். சொல்லப்போனால், பிள்ளைப் பருவத்தில் ஆபத்து மிக அதிகம் பிறப்பை ஒட்டிய நாட்களில்தான். ரத்தம் ஆதார் அட்டை பார்த்து உறைவதில்லை.

எனக்கு பி.பி., சுகர், ஒரு காலத்தில் பீடியும் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன காரணம் இருக்கும்?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, ஆவடி

உங்களுடையது முப்பது வருஷக் கடனுக்கு வந்த வட்டி. பிள்ளை எந்தக் கடனும் வாங்கவில்லை; அதனால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பிறவி இதயக் கோளாறு, சின்னம்மை வந்து போன சில மாதங்களுக்குள் மூளை ரத்தக்குழாய் சுருங்குவது, காசநோய் மூளைக்காய்ச்சல், கழுத்தில் அடிபட்டு ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது, கடும் வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி மூளைச் சிரையில் ரத்தம் உறைவது என்று பட்டியல் நீளம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அடைப்பு. குழந்தைகளிடம் ரத்தக் கசிவும் ஏறக்குறைய சரிபாதி.

ஒன்றரை வயதுப் பேத்தி கட்டிலிலிருந்து விழுந்தாள். அழுதாள், அப்புறம் விளையாடினாள். மறுநாள் வலது கை தூக்கவில்லை. டாக்டர் 'ஸ்ட்ரோக்' என்றார். இப்போது தேறிவிட்டாள். இப்படியும் நடக்குமா?
– பாட்டி, பூந்தமல்லி

நடக்கும். இந்திய மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். இந்த வயதில் சில குழந்தைகளுக்கு மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும்; சி.டி. ஸ்கேனில் தெரியும். சின்ன அடி போதும், அங்கே அடைப்பு. பெரும்பாலோர் நன்றாகவே தேறுகிறார்கள். 'கை பிசகிவிட்டது' என்று நீவி விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களே, சபாஷ்!

அறிகுறியாவது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுதானா?
– வாசகர், திருமுல்லைவாயில்

திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் துவளுவது, பேச்சு குழறுவது இருவருக்கும் பொது. பிள்ளைகளுக்கு வலிப்பும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வரலாம். 'வெறும் வலிப்பு', 'ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்' என்று வீட்டில் பட்டிமன்றம் நடந்து முடிவதற்குள் பொழுது போய்விடும். கைக்குழந்தைக்கு வலிப்பு மட்டுமே வரலாம். ஒரு வயதுக்குள் கிலுகிலுப்பையை எப்போதும் ஒரே கையால் எடுத்து, மறு கையை மூடியே வைத்திருந்தால், 'இடதுகைக்காரன்' என்று பெருமைப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

புறா ரத்தம் தேய்த்தால் சரியாகுமாமே?
– வாசகர், பட்டாபிராம்

கோளாறு மூளையில், தேய்ப்பது காலில். புறாவை விட்டுவிடுங்கள்.

நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் பிழைக்கலாம் என்கிறார்களே, பிள்ளைக்கும் அதுதானா?
– வாசகி, கொரட்டூர்

பெரியவர்களின் அடைப்புக்கு அது நிரூபணமான வைத்தியம். குழந்தைகளிடம் சோதிக்கத் தொடங்கிய ஆய்வு, போதிய பிள்ளைகள் சேராததால் 2013-ல் மூடப்பட்டது. அதனால் மருத்துவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்காக நிதானமாகப் போகலாம் என்று அர்த்தமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். பிள்ளை கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியானாலும் வேறு எதுவானாலும், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சின்ன மூளை, தானாகச் சரியாகிவிடும் என்கிறாரே மாமனார்?
– மருமகள், திருநின்றவூர்

பாதி சரி. வளரும் மூளை வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளும். ஆனால் சில குறைகள் இரண்டாம் வகுப்பில் கணக்குப் போடும்போதுதான் வெளியே தெரியும். பெரியவருக்கு மறந்ததை மீட்கும் பயிற்சி. பிள்ளைக்கு இன்னும் கற்காததைக் கற்கும் பயிற்சி. நல்ல கைக்கு உறை மாட்டி, துவண்ட கையை வேலை வாங்குவதும் அதில் ஒன்று. மாமனாரையே துணைக்கு உட்கார வையுங்கள்.

வலது கை சரியாக எழுத வராத என் மகனுக்குப் பரீட்சையில் சலுகை உண்டா?
– அப்பா, அயப்பாக்கம்

உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்று இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்கலாம். சான்று வாங்க வெட்கப்படாதீர்கள். மார்க் வாங்கும்போது யாரும் வெட்கப்படுவதில்லையே!