சைரனுக்கு மட்டும் மைக்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் போருக்கும் இரண்டு வழியில் சம்பந்தம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. 2019 ஜனவரியில் தொடங்கிவைத்தார்கள். இதே மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்களும் இருக்கின்றன. ஓசூருக்கு ஒப்பந்தம் என்றால் முதல் பக்கம், கோட்டு சூட்டு, கைகுலுக்கல், கலர் படம். முகாமுக்கு? வருவாய்த்துறை ஆள் வருவார். கியூ பிராஞ்ச் போலீஸ் வரும். நிருபர் வரமாட்டார்.

ஆயுதம் செய்தி. அடிபட்டவன் பழைய செய்தி.

போர் வேண்டாம் என்றவன் கதை இன்னும் மோசம். இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி 2009-ல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் 73 நாள் உட்கார்ந்தார்கள். ஓர் இளைஞர் 23 நாள் பட்டினி கிடந்தார். அங்கே வன்னியில் ஆஸ்பத்திரி மேலேயே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ‘டெய்லி மெயில்’, ‘சன்’ பத்திரிகைகளின் துப்பறியும் கண்ணுக்கு அந்த அக்டோபரில் தட்டுப்பட்டது ஒரு பர்கர். இளைஞர் ஒளித்துவைத்துத் தின்றாராம். போலீஸ் கேமராவில் சிக்கினாராம். அப்படி எதுவுமே இல்லை என்று போலீசே சொல்லிவிட்டது. 2010-ல் இரண்டும் மன்னிப்புக் கேட்டு, 77,500 பவுண்டு அழுதன.

வெள்ளைக்காரனைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மூர் நேரலையைப் பாருங்கள். 2009 ஏப்ரல் 27 காலை, மெரினாவில் முதல்வர் கருணாநிதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு வேளைக்குப் போர் நின்றுவிட்டதாகச் சொல்லி எழுந்தார். கனரக ஆயுதம் பயன்படுத்தமாட்டோம் என்று மட்டும்தான் கொழும்பு சொல்லியிருந்தது. அதையும் காப்பாற்றவில்லை. மே 13 இங்கே ஓட்டுப்பதிவு. அதற்கடுத்த வாரம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. அதற்கு நேரலை கிடையாது.

2025 மே மாதம், இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, சேனல்களுக்கு வீரம் பொங்கியது. குளுகுளு ஸ்டுடியோவில் இருந்தபடியே கராச்சித் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கினார்கள். துறைமுகம் மறுநாளும் அங்கேயே இருந்தது. நிகழ்ச்சிக்கு நடுவே சைரன் போடாதீர்கள் என்று உள்துறை அமைச்சகமே சொல்லவேண்டி வந்தது. அந்த வாரம் ‘போர் வேண்டாம்’ என்று வாய் திறந்தவருக்கு விவாத மேடையில் நாற்காலி இல்லை. தேசத்துரோகி பட்டம் தயாராக இருந்தது.

போர் என்ன செய்யும் என்று சொல்ல நிபுணர் வேண்டாம். முகாமுக்குப் போங்கள். பெயர்ப்பலகையை 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். ‘செக்கிங்’ நாளில் ஆள் இல்லையென்றால் கேள்வி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளை நினைத்தது, இலங்கையை நினைக்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் முடித்த பையன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். பாதுகாப்புத் தளவாட வேலைக்குக் குடியுரிமை கேட்பார்கள். ஏவுகணைக்கு உதிரிபாகம் செய்யும் ஷெட்டின் வெளிச்சுவருக்கு வேண்டுமானால் அவன் வெள்ளையடிக்கலாம்.

இலங்கையின் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20-ல் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமலே பல தாய்மார்கள் செத்தும் போனார்கள். சேனல்காரர்களே, அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும், சரி. கிருஷ்ணகிரி முகாமுக்கு பஸ் டிக்கெட் போதும்.