மென்பவழங்களின் அனுபோக பாத்தியதை குறித்து ஒரு விசாரணை

நிலத்தின் பேரில் ஒருவனுக்கு உண்டாகும் உரிமையைக் கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில், அனுபோகம் என்று வகுத்துரைத்த நியாய சாஸ்திர பண்டிதர்கள், வீட்டுக் கூடத்தில் உப்புநீர் நிரப்பி, நீலவிளக்கு ஏற்றி, அலையெழுப்பும் மோட்டாரும் பொருத்தி வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் கிரயம் நீங்கலாக மற்ற நான்கும் இராப்பகலாக நடந்தேறி வருவதைக் கவனியாமற் போனது பெரிதும் வியப்புக்குரியது. அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்விசாரணையின் பிரயோஜனம்.

முதற்கண், கட்சிக்காரர் யார் என்று நிர்ணயிக்க வேண்டும். மென்பவழமாவது, கல்பவழத்தைப் போலச் சுண்ணாம்பு மாளிகை எழுப்பிக் குடியேறாமல், சதைக்குள்ளே பொடிப்பொடியான சுண்ணாம்பு முட்களை மட்டும் வைத்துக்கொண்டு காலட்சேபம் செய்யும் ஜீவன். பாலிப்பு என்னும் அதன் சிற்றுயிர் ஒவ்வொன்றுக்கும் கைகள் எட்டு. ஒவ்வொரு கையின் இருமருங்கிலும் இறகைப் போன்ற சிறு கிளைகள். இந்த எட்டுக் கணக்கைக் கறாராகப் பார்த்தால், கடைக்காரர்கள் மென்பவழம் என்றே கூறி விற்கும் மஷ்ரூம் என்னும் கடல்ஜீவன் அக்குலத்தில் பிறந்ததே அன்று. அது கல்பவழத்துக்குத்தான் தாயாதி. ஆயினும் ஆக்கிரமிப்பில் அது காட்டும் சாமர்த்தியத்தை உத்தேசித்து, அதையும் இவ்வழக்கில் சேர்த்துக்கொள்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவற்றின் சதையில் குடியிருக்கும் நுண்பாசிகள், விளக்கொளியைக் கொண்டு சர்க்கரை சமைத்து அதில் பெரும்பங்கை வாரமாக அளந்துவிடுகின்றன. உட்கார்ந்து சாப்பிடும் மிராசுதாருக்கு வரப்புத் தகராறு செய்ய எவ்வளவு அவகாசம் கிடைக்குமோ, அவ்வளவும் இவற்றுக்குக் கிடைக்கிறது.

அனுபோகமே இவ்வினத்தின் தலையாய மார்க்கம். பிறன் மனையைப் பகிரங்கமாகவும் இடையறாமலும் 12 ஆண்டுகள் ஆண்டுகொண்டிருந்தால், உடையவன் அதை மீட்கும் உரிமையை இழப்பான் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஸ்டார் பாலிப்பு என்னும் மென்பவழத்துக்குச் சில மாதங்களே போதும். ஊதாநிறத்தில் தோல்விரிப்புப் போலப் பாறைமேல் ஒட்டிப் படரும் அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால், விளிம்பிலிருந்து மெல்லிய நாக்கு ஒன்று முன்னே நீண்டிருப்பதும், அதன் மேல் இன்னும் விரியாத மொட்டுகள் இரண்டு மூன்று வரிசையாகப் புடைத்திருப்பதும் தெரியும். விரல் பட்டால் அதன் கைகளாகிய பச்சைக் குஞ்சங்கள் யாவும் உள்ளிழுத்துக்கொள்ள, ஆட்சேபிக்க வந்தவனுக்கு ஆளில்லாத வெறும் ஊதாத்தோல் மட்டும் காட்சியளிக்கும். அவன் அப்பால் போனதும் குஞ்சங்கள் மறுபடி விரியும். பாறை முடிந்தால் கண்ணாடி. கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டினால், சுரண்டிய துணுக்கு போய் விழுந்த இடம்.

மணல் சூழ்ந்த தனிக்கல்லில் வைத்துவிட்டால் அது அடங்கிக் கிடக்கும் என்பர் பூர்வபக்ஷிகள். மணல்மேல் அது எளிதில் படராது என்பது மெய்யே. ஆனால் பாசி மேயும் பெருநத்தை ஒன்று அக்கல்லை உருட்டிப் பெரும்பாறையோடு சாய்த்துவிடும் சாத்தியத்தை அவர்கள் தம் வாதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பாகப்பிரிவினைக்குக் கென்யா ட்ரீ என்னும் மென்பவழம் உதாரணம். கிளை நுனி தானே கழன்று, நீரோட்டத்தில் மிதந்து, ஏதேனும் ஒரு இடுக்கில் வேர்கொண்டு தனிக்குடித்தனம் நடத்தும். இதில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டதாகத் தகவல் இல்லை. உயில் மஷ்ரூமுக்குரியது. அதைப் பெயர்த்தெடுக்கையில் பாறையில் எஞ்சும் அடிச்சதைத் துணுக்கே வாரிசாக எழுந்து நிற்குமாகையால், கத்தியை எடுத்தவன் ஒழித்தவன் ஆகான். பத்திரம் பதிந்து கொடுத்தவனே ஆவான். தானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: தொட்டி நிரம்பியவர்கள் நண்பர்களுக்கு வலியக் கொடுக்கிறார்கள், நண்பர்கள் அறியாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஸீனியா என்னும் மென்பவழத்தின் வழி தனி. ஒளியை நாடிப் பாறையின்மேல் மெல்ல நகர்ந்து செல்லும் அது, விட்டுச்சென்ற இடத்தில் தன் சதையில் ஒரு பகுதியைக் காவலுக்கு வைத்துவிட்டே செல்லும். அது ஓயாமல் கைகளை மூடித் திறப்பது எதற்காக என்ற வினாவுக்கு, செங்கடலில் வாழும் அதன் நெருங்கிய உறவான ஹெட்டரோஸீனியாவை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2013-இல் விடை பகர்ந்தார்கள். பாசிகள் வெளியிடும் பிராணவாயு சதையைச் சுற்றித் தேங்கினால் ஒளிச்சேர்க்கை குன்றும். அதை வீசி அகற்றவே அந்த அசைவு. இத்தனை சுறுசுறுப்புள்ள ஸீனியா, காரணம் இன்னதென்று விளங்காமலே சில தொட்டிகளில் திடீரென்று கரைந்து மாய்வதும் உண்டு. அது நிகழ்வது பெரும்பாலும் உடையவன் அதன்மேல் ஆசை வைத்தபின் என்பது என் அபிப்பிராயம், பிரமாணம் இல்லை.

சார்கோஃபைட்டான் முதலிய தோல்பவழங்கள் கைகலப்பை விரும்பாமல், டெர்பீன் என்னும் வகை நச்சு ரசாயனங்களை நீரில் கசியவிட்டுப் பக்கத்துக் கல்பவழத்தைக் குன்றச் செய்கின்றன. கரித்தூள் வடிகட்டி வைத்தால் சமரசம் ஏற்படும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சற்று ஏறிய நீரில் கல்பவழம் சோர, மென்பவழம் செழிப்பதால், சோம்பேறியின் தொட்டியில் தீர்ப்பு யார் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வழக்குக்குத் தொட்டிக்கு வெளியே ஒரு அப்பீலும் உண்டு. அதில் வேடிக்கை இல்லை. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய உனோமியா என்னும் ஸீனியாக் குடும்பத்து மென்பவழம், மீன்தொட்டி வாணிகத்தின் வழியே வந்ததாகக் கருதப்பட்டு, வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவில் கரையோரப் பவழப்பாறைகளை மூடிப் படர்ந்துகொண்டிருக்கிறது. ஆகையால், தொட்டியில் மிஞ்சியதை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். இரக்கப்பட்டுக் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள்.