மாவேலிக்கு டிக்கெட் இருக்கா?

வளைகுடாவுக்குப் போய்வர மலிவாக விமான டிக்கெட் பிடிக்க வழி சொல்லாத ஆள் எர்ணாகுளத்தில் கிடையாது. செவ்வாய்க்கிழமை நடுச்சாமத்தில் போடு. ஒரே ஊரைத் திரும்பத் திரும்பத் தேடாதே, கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்துவிடும். கொச்சி வேண்டாம், கோயம்புத்தூர் போய் ஷார்ஜாவுக்கு ஏறு. எல்லாவற்றுக்கும் மேலான உபதேசம் ஒன்று உண்டு: ஓணத்துக்கு வராதே, பெருநாளுக்கு வராதே, பள்ளிக்கூடம் லீவு விட்டால் வரவே வராதே. அதாவது, ஊரில் ஒருத்தரும் உன்னை எதிர்பார்க்காத நாளாகப் பார்த்து வா, மலிவு. ஓணத்துக்கு ஊர் பார்க்க வரும் மாவேலி ராஜா பாதாளத்திலிருந்து நடந்து வருவதால் பிழைத்தார். விமானத்தில் வருகிறவராக இருந்தால் திருவோணத்தை ஐப்பசிக்குத் தள்ளியிருப்பார்.

மட்டாஞ்சேரியில் ஒரு டிராவல்ஸ் கடை. வாசலில் மிளகு மூட்டை இறங்குகிறது. லீவு முடிந்து துபாய் திரும்ப வேண்டிய பையனுக்குக் கடைக்கார இக்கா ஒரு தொகை சொல்கிறார். பையன் வாப்பாவிடம் கேட்க வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வருவதற்குள் நாலாயிரம் ஏறிவிட்டது. "மோனே, நீ பேசினது அவங்களுக்கும் கேட்டுருச்சு போல" என்கிறார் இக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூட்டமில்லாத மாதத்தில் பத்தாயிரத்துக்குக் கிடைக்கிற சீட், சீசனில் நாற்பதாயிரத்தைத் தாண்டும். அதே விமானம், அதே நாலு மணி நேரம், முட்டி இடிக்கிற அதே சீட். கேட்டால் டெல்லி சொல்கிறது: விலையைச் சந்தை தீர்மானிக்கும், அரசு தலையிடாது.

சந்தையாம்! அந்தச் சந்தையில் எத்தனை சீட் என்று தீர்மானிப்பது யார்? இரண்டு அரசாங்கங்கள். துபாய்க்கு வாரத்துக்குச் சுமார் 65,000 சீட், இரு நாட்டு விமானங்களுக்கும் ஆளுக்கு அவ்வளவு என்று 2014இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் பிறகு துபாய் கூடுதல் சீட் கேட்டுக்கொண்டே இருக்கிறது, டெல்லி மசியவில்லை. நம் நாட்டு விமான நிறுவனங்கள் வளர வேண்டுமாம். வளரட்டும், கொத்தனார் சம்பளத்தைத் தின்று நன்றாகவே வளரும். சீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விலையை மட்டும் அவிழ்த்துவிடுகிறார்கள். மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி இதைச் செய்தால் பதுக்கல் கேஸ் போடுவார்கள்.

தலையிட முடியாது என்பதும் புளுகு. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தாகி உள்நாட்டு டிக்கெட் எகிறியபோது, அரசு சட்டென்று உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000. மும்பையில் கத்தினால் டெல்லிக்குக் காது கேட்கிறது. கத்தாரில் கத்தினால் கேட்பதில்லை.

இத்தனைக்கும் கத்துகிறவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் 22 லட்சம் பேர், ஓராண்டில் அவர்கள் அனுப்பியது 2.16 லட்சம் கோடி ரூபாய் என்கிறது. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையமே, வெளிநாட்டில் இருந்த சுமார் பத்தாயிரம் பேர் போட்ட பணத்தையும் சேர்த்துக் கட்டி 1999இல் திறந்ததுதான். 2015 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. நல்லவேளை, வெயிலுக்கு இன்னும் சீசன் ரேட் வரவில்லை.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை; கடிதம் எழுதியது. வளைகுடாவுக்குக் கப்பல் விடப்போவதாகவும் சொன்னது. கப்பல் எங்கும் தரை தட்டவில்லை, கிளம்பினால்தானே தட்டுவதற்கு.

2020 மே 7, கொரோனாவில் சிக்கியவர்களை மீட்கும் 'வந்தே பாரத்' திட்டத்தின் முதல் விமானம் அபுதாபியிலிருந்து கொச்சியில் இறங்கியது. தேசமே புல்லரித்தது. வேலை போய், கையில் இருந்ததைத் துடைத்து டிக்கெட் காசு கட்டியவர்கள் மீட்கப்பட்டார்கள்.

ஒரேயொரு கட்டணத்தில் மட்டும் டெல்லி நியாயம் பார்த்தது. வளைகுடாவில் செத்தவரின் உடலைத் தராசில் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தது ஏர் இந்தியா. அன்றைக்கு அது அரசாங்கத்தின் சொந்த நிறுவனம். ஊர் கூடிக் காறித் துப்பிய பிறகு, 2019 ஜனவரியில் அமீரகத்திலிருந்து ஓர் உடலுக்கு 1,500 திர்ஹாம் என்று ஒரே ரேட்டாக்கினார்கள். எடை பார்க்கவில்லை, சீசன் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையென்றால் அரை டிக்கெட்.