யார் வீட்டுத் தூண்?

போரூர்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், அவை யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்காமல் இருப்பதே மரியாதையாக இருந்தது. 2020 நவம்பரில் இந்த மெட்ரோ திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியவர் மத்திய உள்துறை அமைச்சர். 2021 மத்திய பட்ஜெட்டில் அதற்கு 63,246 கோடி ரூபாய் என்று வாசித்தார்கள். நாமும் கை தட்டினோம். பிறகு, இது மாநிலத் துறைத் திட்டம், செலவு உங்களுடையது என்றது டெல்லி. அறிவித்தது நீங்கள்தானே என்றது கோட்டை. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வந்து சேர்ந்தது 2024 அக்டோபர் 3 அன்று. நல்லவேளை, சிமென்ட் அதுவரை காத்திருக்கவில்லை.

ஆவடியில் இன்னும் விசேஷம். அரசியல் சட்டத்தின்படி ரயில் மத்தியப் பட்டியல், டாங்கித் தொழிற்சாலையும் அப்படியே. சாக்கடை மாநிலப் பட்டியல். கொசு? ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது, சத்தியமாக, பொதுப் பட்டியலின் 29ஆவது இனம். ஆகவே நம் அம்பத்தூர்க் கொசு டெங்குவோடு ஆந்திர எல்லையைத் தாண்டினால் அதற்குப் பதவி உயர்வு; உள்ளூரிலேயே கடித்தால் மாநகராட்சிப் புகைவண்டிதான்.

இப்படிப்பட்ட மத்திய–மாநிலக் குழப்பங்களைச் சீர்செய்ய 1969இல் கருணாநிதி அரசு ராஜமன்னார் குழுவை அமைத்தது. 2025இல் ஸ்டாலின் அரசு குரியன் ஜோசப் குழுவை அமைத்தது. இடைப்பட்ட காலத்தில் மாநிலப் பட்டியலிலிருந்து கல்வியும் காடும் இடம்பெயர்ந்தன. 1976 அரசியல் சட்டத் திருத்தத்தில், பொதுப் பட்டியலுக்கு.