யார் வைத்த கொம்பு?

கைப்பேசி வந்து தமிழைக் கெடுத்துவிட்டது என்று கவலைப்படும் பெரியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அந்தக் கவலையை அவர்கள் வாட்ஸப்பில்தான் எழுதுகிறார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எழுதுகிற எழுத்தே பழைய கருவிகள் பார்த்த வேலை.

பனையோலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏடெழுதியவர்கள் புள்ளியையே கைகழுவினார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. எகர, ஒகரக் குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொல்கிறது தொல்காப்பியம். அதுவும் போனதில் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றாகிவிட்டன. தீயா, தண்ணீரா என்பது படிப்பவர் சாமர்த்தியம்! 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் காலை இழுத்து, கொம்பைச் சுழித்து வழக்கைத் தீர்த்தார். பரமார்த்த குருவையும் அவருடைய அசட்டுச் சீடர்களையும் எழுதிய அதே கை.

அடுத்தது அச்சு. லை, ணை, னை, ளை நான்கும் ஒரு காலத்தில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. பெரியார் 1935 முதலே 'குடி அரசு' இதழில் அதை இறக்கிவிட்டார். அரசு ஏற்றுக்கொண்டது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். மொத்தம் 13 எழுத்துகள் உருமாறின. அச்சுக் கோப்பவர்களுக்கு நிம்மதி. பழைய தொடர்கதை பைண்டு ஒன்றை இன்றைய பள்ளிப் பையனிடம் கொடுத்தால், "இது என்ன பாஷை?" என்பான்.

எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சைக் கதைக்குள் இழுத்து வந்தார். கி.ரா. கரிசல் பேச்சுக்கு அகராதியே தொகுத்தார். அதே மாதிரிப் பேச்சுத் தமிழில் ஒரு பையன் 'சாப்டியா' என்று தட்டினால் மட்டும் கொச்சையாம். கதையில் வந்தால் இலக்கியம்!

மறுபடி கருவிக்கே வருவோம். வேடிக்கை என்னவென்றால், ஓலை தின்ற புள்ளியைக் கணினி தானாகவே திருப்பி வைக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'க'வை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்து 'க்' ஆகிவிடும். 'ந'வுக்குப் பின் 'த' தட்டினால் 'ந்த'. மெல்லினத்துக்கும் வல்லினத்துக்கும் உள்ள உறவு அதற்கு மனப்பாடம்.

நம் ஆட்களோ ஆங்கில எழுத்தில் தட்டி, கைப்பேசி நீட்டுகிற சொல்லைப் பார்க்காமல் தொடுகிறார்கள். "நாளைக்கு மலை வரும்" என்று செய்தி போகிறது. எதிர்முனையிலிருந்து கட்டைவிரலும் உயர்கிறது.

ஐபோனில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்குச் செல்லினம் செயலி. நாலு நாள் தடுமாறும், அப்புறம் கை பழகிவிடும். போட்டுப் பாருங்கள்.