பாசிமணி எழுத்தாளர்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் எழுத்தாளர்கள் மூன்று வகை. புத்தகம் போட்டு, போட்ட புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருப்பவர். அடுத்த மாதம் போடப்போவதாக ஏழெட்டு வருடமாகச் சொல்லி வருபவர். எழுதிக்கொண்டே பாசிமணி கோர்ப்பவர். முதல் இரண்டு வகையினர் தமிழ் பேசும் ஊரெங்கும் உண்டு. மூன்றாமவரை வளர்ப்பது இங்குள்ள மழை. தென்மேல் பருவக்காற்று வந்து சிங்கமலை மறைந்துவிட்டால் வெளியே போக வழியில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் கை சும்மா இருக்காது.

ஆள் பெரும்பாலும் ஆசிரியை. அபூர்வமாக ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர். மேசையின் இடப்பக்கம் பாதியில் நிற்கும் சிறுகதை, வலப்பக்கம் பாசி நிரம்பிய நெஸ்டமோல்ட் டின்கள். பாசியின் அளவுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறுக்கும். 6 என்றால் மிளகளவு, 11 என்றால் இரண்டு மில்லிமீற்றர், 15 என்றால் மூக்குக்கண்ணாடிக்கே இன்னொரு கண்ணாடி வேண்டும். நம் டீச்சருக்கு இந்த எண்கள் ஒத்துவரவில்லை. பெரிய பாசி டின்னில் ‘பீ.ஓ.பீ.’, நடுத்தரத்தில் ‘பீ.ஓ.பீ.எஃப்.’, பொடியில் ‘டஸ்ட்’ என்று தேயிலைத் தரங்களின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். தேயிலைத் தூள் என்று நம்பி ஒரு கரண்டி அள்ளிக் கேத்தலில் போட்ட விருந்தாளியும் உண்டு.

எழுதும் முறை இப்படி. கதாநாயகி விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போவாள், மலையேறுவாள், கூடை நிறைப்பாள். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அவள் வந்ததும் கதை நின்றுவிடும். அவளை மடுவத்து வாசலில் மழையில் நிறுத்திவிட்டு டீச்சர் ஊசியை எடுப்பார். ஒரு பேர்ஸ் கோர்த்து முடிப்பதற்குள் கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டுப் போயிருப்பார்.

“டீச்சர், அந்தப் புள்ளய வூட்டுக்கு அனுப்பிட்டீங்களா?” என்று கேட்பார் பக்கத்து வீட்டு அக்கா.

“எங்கங்க, இன்னும் மடுவத்துலதான் நிக்கிறா. செவப்புப் பாசி தீந்துபோச்சு.”

எழுத்தாளருக்கு எதற்கு இந்த வேலை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அகநானூற்றிலிருந்து தொடங்குவார். நானூறு பாட்டை மூன்றாகப் பிரித்து, 121 முதல் 300 வரை மணிமிடை பவளம், 301 முதல் 400 வரை நித்திலக் கோவை என்று பெயர் வைத்தவர்கள் யார்? “எங்க ஆளுங்க” என்பார். நான்மணிக்கடிகை, மும்மணிக்கோவை, இரட்டைமணிமாலை எல்லாம் வரிசையாக வரும். முதல் நூற்றிருபது பாட்டுக்குக் களிற்றியானை நிரை என்று பெயர் என்பதை மட்டும் சொல்லமாட்டார். யானை ஊசியில் நுழையாது.

இலக்கியம் முடிந்தால் தொல்லியல். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டினார். கண்ணாடியை உருக்கி, மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள் அங்கே ஏராளம்; தென்கிழக்காசியா வரை போன சரக்கு. அந்த வகை மணி செய்த தடயம் மன்னார்ப் பக்கம் மாந்தையிலும் கிடைத்திருக்கிறது. இங்கேதான் டீச்சர் எழுந்து நிற்பார்.

“நம்ம பாட்டன் பூட்டன் தோணியில வந்து எறங்கி நடந்தது எந்தப் பக்கம்? மன்னார்ப் பக்கந்தானே? அவங்க கால்ல ஒரு மணியாச்சும் தட்டுப்பட்டிருக்காதா?”

தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, பசியும் கொலராவுமாகக் காட்டுப்பாதையில் விழுந்து எழும்பி நடந்தவர்கள் குனிந்து பாசி பொறுக்கியிருப்பார்களா என்று திருப்பிக் கேட்டால், அதைத்தான் நாவலாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். நாவல் 1823இல் தொடங்குகிறது. அவர்கள் வந்து இருநூறு ஆண்டான ‘மலையகம் 200’ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் இரண்டு வாரம் சொச்சத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டீச்சரின் பாத்திரங்கள் இன்னும் மதவாச்சியைத் தாண்டவில்லை.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் இவருக்குத் தனி உற்சாகம். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை ஹட்டன் பஸ் நிலையம் நிரம்பி வழியும். நல்லதண்ணிக் கடைகளில் பாசிமாலை தொங்கும். மலைவழியில், புத்தர் தம் சீவரத்தின் கிழிசலைத் தைத்ததாக நம்பப்படும் இந்திகட்டுபானவில், யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோர்த்து வைத்து வணங்குவார்கள். மற்றவர்கள் அங்கே கைகூப்பும்போது டீச்சர் அந்த ஊசிகள் எத்தனையாம் நம்பர் என்று பார்ப்பார்.

நூல் வெளியீட்டு விழாவில் இவருடைய கணக்கு வேறு. பிரமுகர் முதற்பிரதியை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு போனபின், வாசல் மேசையில் புத்தகம் ஒருபக்கம், பாசி பேர்ஸ் ஒருபக்கம். புத்தகம் வாங்கினால் பேர்ஸ் இலவசம் என்று ஆரம்பித்தார். கூட்டம் பேர்ஸைப் பார்த்த பார்வையில் நிலைமை புரிந்து, பேர்ஸ் வாங்கினால் புத்தகம் இலவசம் என்று மாற்றினார். “புத்தகம் இல்லாம பேர்ஸ் மட்டும் எவ்ளோங்க?” என்று கேட்ட ஒருவரை இன்னும் மன்னிக்கவில்லை.

இத்தனையும் சொன்னாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மலையகத்தில் சொல்லும் கைவேலையும் என்றைக்குமே பிரிந்திருக்கவில்லை. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மக்கள் பாடல்களை நாற்காலியில் சாய்ந்திருந்து யாரும் கட்டவில்லை. கை கொழுந்திலும் கவ்வாத்துக் கத்தியிலும் இருக்க, வாய் கட்டிய பாட்டுகள் அவை. ஆகவே டீச்சர் செய்வது புதுமையில்லை, பரம்பரைப் பழக்கம். குறை வேறு இடத்தில் இருக்கிறது.

பேர்ஸில் ஒரு பச்சைப் பாசி இடம் மாறியிருந்தால் முப்பது வரிசையை அவிழ்ப்பார். முகம் சுளிக்காமல் மறுபடி கோர்ப்பார். அதே டீச்சரின் கதையில் ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டை வரும். ஓர் அட்டையை எடுத்துவிடலாமே என்று சொல்லிப் பாருங்கள்.

“அது உணர்ச்சிங்க. அதுல கை வைக்கக் கூடாது.”

மலையகச் சிறுகதையாளர் என்.எஸ்.எம். இராமையா நிறைய எழுதிக் குவித்தவரல்லர். ஆனாலும் அவருடைய ‘ஒரு கூடைக் கொழுந்து’ இன்றைக்கும் நிற்கிறது. தேறாத வரியை நீக்கினால்தான் கதை நிற்கும் என்பது பாசி கோர்க்கும் கைக்குத் தெரிந்த பாடம். அந்தப் பாடம் கையோடு நின்றுவிடுகிறது. பேனா வரை ஏறுவதில்லை. பாசிக்குக் காட்டும் பொறுமையில் பாதியைக் கதைக்குக் காட்டியிருந்தால் அந்தப் பெண் எப்போதோ மடுவத்திலிருந்து முழுப்பேர் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

ஹட்டன் பக்கம் வந்து இவரிடம் அகப்பட்டால் பேர்ஸை விலை பேசாமல் வாங்குங்கள். கதையையும் வாங்கிப் படித்து, எந்த வரி இடம் மாறிக் கிடக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், ஒரு வாரம் பேசவும் மாட்டார். பரவாயில்லை, சொல்லுங்கள். பேர்ஸ் மலையகத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது.