திட்டு வாங்கினால் பெரிய ஆள்

ஓர் ஆளை ஊரறியச் செய்ய வேண்டுமா? காலைப் பிரட்டில் கங்காணி அவனை நாலு திட்டு திட்டினால் போதும். லகாட் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சூட்சுமம், விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் சந்தாதாரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

1860இல் அங்கே 'கார்ன்ஹில்' என்றொரு மாத இதழ். ஆசிரியர், நாவலாசிரியர் தாக்கரே. ஓவியம், கட்டடம் என்று சாதுவாக எழுதிவந்த ஜான் ரஸ்கின், அதில் திடீரென்று உழைப்பவனுக்கு நியாயமான கூலி கொடுக்கச் சொல்லிவிட்டார். படித்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே கூச்சல். நாலு கட்டுரையோடு தொடரை நிறுத்தினார் தாக்கரே.

ரஸ்கின் விடுவாரா? நாலையும் சேர்த்து 1862இல் புத்தகமாகப் போட்டார். 1904இல் ஜோகன்னஸ்பர்க் ரயிலடியில் போலக் என்ற நண்பர் அதை ஒரு வக்கீலிடம் கொடுத்தார். டர்பன் போய்ச் சேரும்வரை வக்கீலுக்குத் தூக்கமில்லை. அவர்தான் காந்தி. அதே வருஷம் பீனிக்ஸ் பண்ணையை அமைத்து, தமிழிலும் பக்கங்கள் வந்த 'இந்தியன் ஒப்பீனியன்' அச்சகத்தை அங்கே கொண்டுபோனார். கூச்சல் போட்ட கனவான்கள் ஒரு சாம்ராஜ்யத்துக்கே தலைவலியை வளர்த்துவிட்டிருந்தார்கள்.

புகழ்ந்தால் என்ன ஆகும்? மகாராணியின் பொன்விழா நினைவாக 1887 ஜூனில் சிங்கப்பூரில் பிறந்தது 'சிங்கை நேசன்'. ஆசிரியர் மகுதூம் சாயபு நல்ல மனிதர், நல்ல தமிழ். 1890இல் பத்திரிகை நின்றது. மகாராணி மட்டும் 1901வரை சௌக்கியமாக இருந்தார்.

நம்மவர்கள் பாடம் கற்றார்களா? 1929இல் பெரியார் மலாயாவுக்கு வருகிறார் என்றதும், கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' வரக்கூடாது என்று எழுதித் தள்ளியது. அதுவரை ரப்பர் பாலையும் சம்பள நாளையும் தவிர வேறெதையும் நினைக்காதவன்கூட, "யாருய்யா அந்த ஆளு?" என்று கேட்க ஆரம்பித்தான். டிசம்பரில் பினாங்கில் கப்பல் இறங்கியவரைப் பார்க்கப் பெருங்கூட்டம். அங்கிருந்து நேரே நம் ஈப்போவில் தமிழர் மாநாடு. இத்தனை விளம்பரத்துக்குப் பெரியார் கைக்காசு ஒரு காசு செலவழிக்கவில்லை.

ஆகவே இளம் எழுத்தாளர்களே, அணிந்துரை கேட்டு யார் வாசலிலும் நிற்காதீர்கள். நல்ல எதிரியாகப் பார்த்து ஒரு பிரதி இலவசமாக அனுப்புங்கள். தபால் தலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.